குறுக்குக் கோடு

ஜூன் 24

சட்டப் பிரிவில் சேர்ந்த முப்பது பேருக்கும் இன்று ஆளுக்கொரு நீள நோட்டு கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கிறது. ஒரு பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

பதினோராம் வகுப்பில் சட்டப் பிரிவு இருக்கிற அரசுப் பள்ளி மாவட்டத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். தேர்வு வைத்து எடுத்தார்கள். மற்ற நாட்களில் எல்லோரையும் போலப் பாடம். சனிக்கிழமை மட்டும் கறுப்புக் கோட்டு, புது ஹால், பியூலா மிஸ். மிஸ் வக்கீல். கோர்ட்டுக்கும் போகிறார், எங்களுக்கும் வருகிறார்.

மிஸ் சொன்ன விதிகள்: பார்த்ததை எழுது. கேட்டதை எழுதினால் யார் சொன்னது என்று சேர்த்து எழுது. நினைத்ததை எழுதாதே. அன்றைக்கே எழுது. பக்கத்தில் காலியிடம் விட்டால் குறுக்குக் கோடு போடு. இல்லையென்றால் பிறகு யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள்.

ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்ல வேண்டும். நானும் எழுந்து சொன்னேன்.

"காத்துகிட்ட சொல்லுதியா, கோர்ட்டுகிட்ட சொல்லுதியா?" என்றார் மிஸ். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள் எழுந்துவிட்டாள். "அவ பேரு ஜெனோவா, மிஸ்! நான் ஷர்மிதா. ரெண்டு பேரையும் சேத்தே எழுதிக்கோங்க."

உட்கார்ந்ததும் என் காதில், "நான் கத்துறேன், நீ எனக்கு எழுதிக் குடு. சரியாட்டி?" என்றாள்.

ஜூலை 1

தண்ணீர் லாரி வந்தது. ஆறு குடம் பிடித்தேன். அம்மா ஒன்று தூக்கினாள். மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது.

ஷர்மிதா வாதம் செய்தாள், நாய் கடித்த வழக்கு. நான் எழுதிக் கொடுத்த ஏழு கேள்விகளையும் கேட்டாள். எதிர்த்தரப்புப் பையன் உட்கார்ந்துவிட்டான். மிஸ் கை தட்டினார். ஷர்மிதா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள்.

ஜூலை 8

ஒன்றும் இல்லை. கறுப்புக் கோட்டைத் துவைத்தேன். சாயம் போகிறது.

ஜூலை 16

வீட்டுப் பாடம்: வீட்டில் இருக்கும் ஒரு ஆவணத்தை எடுத்து, கண்ணால் காண்பதை மட்டும் விவரிக்க வேண்டும். கறை, மடிப்பு எதையும் விடக் கூடாது. இந்த நோட்டிலேயே எழுத வேண்டும், மிஸ் பார்ப்பார்.

மற்றவர்கள் ரேஷன் கார்டு என்றார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணம்: கேட் அட்டை. மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு. மேலே இறால் கம்பெனியின் பெயரும் மீன் படமும். எண் 0417. பெயர்: மரியபுஷ்பம். பிரிவு: உரிப்பு, இரண்டாம் ஷெட். கடைசி வரி: நவம்பர் 17, உள்ளே 7.52. வெளியே என்ற கட்டம் காலி. வலது மூலையில் நனைந்து காய்ந்த கறை. நடுவில் ஒரு மடிப்பு. பின்பக்கம் எதுவும் இல்லை.

அம்மா சொன்னது: போன வருடம் அன்றைக்கு ஷெட்டில் அம்மோனியா கசிந்தது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. பன்னிரண்டு பெண்களைப் பின் கேட் வழியாக வேனில் ஏற்றினார்கள். அதனால் வெளியே என்று யார் அட்டையிலும் முத்திரை விழவில்லை. ஆஸ்பத்திரியிலேயே மற்றப் பதினொரு பேரிடமும் அட்டையை வாங்கிக்கொண்டு, எழுதாத தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அம்மா மயக்கத்தில் இருந்ததால் அவளிடம் கேட்கவில்லை. அட்டை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. இப்போது அன்றைக்கு ஷெட்டே நடக்கவில்லை என்று கம்பெனி சொல்கிறது.

மனுப் போட இரண்டு வருடம் டைம் இருக்கிறதாம். "நீ படிச்சு வக்கீலாயி நீயே போடு," என்று சிரித்தாள். அதற்குள் டைம் முடிந்துவிடும் என்று சொல்லவில்லை.

ஜூலை 22

மிஸ் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடைய 16ஆம் தேதிப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில்: "படித்தேன். மிக நன்று. பியூலா, 22-7." முப்பது பேரில் 'மிக' வாங்கியது நான் ஒருத்திதான். மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

இன்று கட்சிக்காரர் அறை. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வக்கீல், ஒருவர் கட்சிக்காரர். கட்சிக்காரர் நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வக்கீல் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். இரண்டு பேரும் ஒவ்வொரு கோப்பு தயாரித்து மதிப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

மிஸ் கரும்பலகையில் எழுதியது: கட்சிக்காரர் சொன்னது அறையைத் தாண்டக் கூடாது. ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றித்தான் கோப்பில் எழுத வேண்டும். மாற்ற முடியாததை எழுதவே கூடாது.

முதல் இரண்டு மதிப்பெண் வாங்குகிற கோப்புகளை எழுதியவர்களுக்குச் சென்னையில் பத்து நாள் நுழைவுத் தேர்வுப் பயிற்சி.

நானும் ஷர்மிதாவும் சேர்ந்தோம். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தோம். முதலில் நான் சொன்னேன். அம்மாவைப் பற்றி, அட்டையைப் பற்றி, அது வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் இருப்பது வரைக்கும். வாழ்நாளில் நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. ஷர்மிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். என்ன சொன்னாள் என்பதை எழுத அரைப் பக்கம் விட்டிருந்தேன். எழுதவில்லை. குறுக்குக் கோடு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 11

ஷர்மிதாவின் கதையில் எதை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன் (வேறு தாளில்). கடைசியில், கடைக்காரர் பழைய மிக்சியைத் திரும்ப வாங்க மறுத்ததாக ஒரு கோப்பு எழுதினேன்.

ஆகஸ்ட் 12

எனக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று. ஷர்மிதாவுக்கு இருபத்துநான்கு.

"உன் கோப்புல உயிரே இல்ல ஜெனோவா," என்றார் மிஸ், வழக்கம்போல் என் பெயரைத் தப்பாக உச்சரித்து. "மிக்சியா? ஷர்மிதா கோப்பைப் படி. எப்படி எழுதணும்னு தெரியும்."

படிக்கக் கேட்டேன். "சென்னைக்கு அனுப்பணுமாம்ட்டி, அப்புறம் தாரேன்," என்றாள் ஷர்மிதா.

சென்னைக்கு அவளும் இன்னொரு பையனும். பள்ளி விட்டதும் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 19

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். "உங்க அம்மா இப்பவும் அந்தக் கம்பெனிலதான் இருக்காவளா?" என்று கேட்டார். இல்லை, மூச்சுப் பிரச்சினை, வீட்டில்தான் என்றேன். "கேஸ் எதுவும் போட்டிருக்காவளா?" இன்னும் இல்லை என்றேன்.

"சரி, போ. நல்லாப் படி."

மிஸ் என்னைப் பற்றி நினைக்கிறார். வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் வந்தது தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

புது ஹாலைக் கட்டிக் கொடுத்தவர்கள் இன்று பார்வையிட வந்தார்கள். வாசல் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருப்பதை ஜூன் மாதமே பார்த்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் அட்டையில் இருக்கிற அதே மீன். பெரிய கம்பெனி, ஊரில் பாதிக் கட்டடம் அவர்கள் கட்டியதுதான் என்று நினைத்தேன். (நினைத்ததை எழுதக் கூடாது.)

ஒன்பது கோப்புகளைப் பலகையில் மாட்டியிருந்தார்கள். நான் தட்டில் கேசரி கொண்டு போனேன். கம்பெனி மேனேஜர் தனசிங் வந்தார். பலகையில் முதலில் இருந்த இரண்டு கோப்புகளையும் பார்க்கவில்லை. நேராக மூன்றாவதுக்குப் போனார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். மிஸ் அவர் பக்கத்தில் நின்றார்.

அவர் நகர்ந்ததும் நான் படித்தேன். ஷர்மிதாவின் கையெழுத்து. ஊர் நாகப்பட்டினம். அம்மாவின் பெயர் செல்வமணி. நண்டுக் கம்பெனி. பன்னிரண்டு பெண்கள். பதினொரு கையெழுத்து. "கட்சிக்காரரின் பலம்: ஒரே ஒரு நுழைவு அட்டை. வீட்டில் மாதா படத்தின் பின்புறம் பத்திரமாக உள்ளது."

கேசரி ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 27

பூசை முடிந்து வந்தோம். பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்சும் கொண்டு வந்தார். அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்தாள்.

"ஏம்மா புஷ்பம், ஒடம்பு எப்படி இருக்கு? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"பரவால்ல சார்."

"மாதா படம் அம்சமா இருக்கே. வேளாங்கண்ணில வாங்குனதா?" அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பிள்ள நம்ம ஹால்லதான் படிக்கி போல. கெட்டிக்காரின்னு டீச்சர் சொன்னாவ. இப்படிப் பிள்ளைங்க நல்லா வரணும். இடையில ஒரு பிரச்சினையும் வந்துரக் கூடாது பாத்தீயளா?"

பக்கத்து வீட்டு டிவி கேட்டது. அம்மா எழுந்து, படத்தைக் கழற்றி, அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவளே கொடுத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "அது அங்க இருக்கது அந்த ஆளுக்கு எப்படிட்டி தெரியும்? நீ யாருட்டயாவது சொன்னியா?"

"யாருட்டயும் சொல்லலம்மா" என்றேன். பால் பொங்கியது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 28

ஷர்மிதா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 30

"என்னட்டி கோவமா? பேரெல்லாம் மாத்துனேன்லா?"

ஷர்மிதா கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். எனக்குக் கோபம் இல்லை.

செப்டம்பர் 2

மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசை மேல் டைப் செய்த ஒரு தாள். "மூன்றாம் எண் கோப்பில் உள்ளவை அனைத்தும் எங்கள் கற்பனையே. இதில் உள்ளது போன்ற அட்டை எதையும் நாங்கள் பார்த்ததில்லை." கீழே எங்கள் இரண்டு பெயர்களும்.

ஷர்மிதா கையெழுத்துப் போட்டாள். தலை நிமிரவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"வெறும் ஃபார்மாலிட்டிதான்மா," என்றார் மிஸ். "அவங்களுக்கு ஒரு நிம்மதி. அவங்க கைய விட்டா இந்தப் பிரிவே மூடிரும். முப்பது பிள்ளைங்க. உன் ஒருத்திக்காகவா?"

மிஸ் சொல்வதும் நியாயம்தான். முப்பது பேர்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பேனாவுக்கு மூடி போட்டு, தாளின் மேல் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தேன். மிஸ் பின்னாலிருந்து என் பெயரைச் சொன்னார். முதல் தடவை சரியாக உச்சரித்தார்.

செப்டம்பர் 4

பள்ளிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 5

போகவில்லை.

செப்டம்பர் 11

அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "நான் அந்தக் கார்டைக் குடுத்தது எதுக்குட்டி? எதுக்கு? நீ வீட்ல ஒக்காந்து சாம்பார் வைக்கதுக்கா?" பாதியில் மூச்சு வாங்கியது. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி திட்டினாள்.

அந்த ஹாலில் என்னால் உட்கார முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அக்டோபர் 9

கோர்ட்டுக்கு எதிரே கலா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் வேலை. டைப்பிங்கும் உண்டு. இன்று டைப் செய்தவை: இரண்டு வாடகை ஒப்பந்தம், ஒரு விவாகரத்து மனு, ஒரு பெயர் மாற்றம்.

"ஊமைப் பிள்ளன்னு நெனச்சேன். எழுத்துப் பிழை பாத்து வக்கீலுக்கே திருத்துதியே?" என்றாள் அக்கா. "மெதுவாத் திருத்து தாயி. வக்கீலுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஜெராக்ஸ எதுத்த கடைல போய் எடுப்பாவ."

மிஷின் ஒரு தாளை மூன்று நொடியில் நகல் எடுக்கிறது. எங்கள் தெருமுனையிலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒன்பது மாதம் அந்த அட்டை எங்கள் வீட்டில் இருந்தது.

நவம்பர் 3

ஆறுமுகச்செல்வி மேடம் வந்தார். தொழிலாளர் வழக்குகள் மட்டும் எடுக்கிற வக்கீல். இரண்டு விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே காத்திருப்பார். பட்டாசு ஆலையில் கை போன ஒருவருக்கு மனு. நான் டைப் செய்தேன். முடித்துக் கொடுக்கும்போது கேட்டேன்:

"மேடம், அட்டை தொலைஞ்சுபோச்சு. ஆனா அதுல இருந்தத, பாத்த அன்னைக்கே ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதியிருக்கு. அது சாட்சியா நிக்குமா?"

கலா அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் கடையில் பேசியதிலேயே நீளமானது அதுதான்.

"யார் நோட்டு?"

"என்னோடது."

"கொண்டா பாப்போம்."

நவம்பர் 4

மேடம் 16ஆம் தேதிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். சிவப்பு மையில் விரல் வைத்தார்.

"இது யாரு?"

"எங்க மிஸ். பியூலா மிஸ்."

"நம்ம பியூலாவா?" மேடம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். "படித்தேன், மிக நன்று. தேதியோட! ஏம்மா, இந்த அட்டை இல்லவே இல்லன்னு கம்பெனி சொல்லும். இந்த அம்மா கூண்டுல ஏறி என்ன சொல்லுவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜெயிப்போம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்பர் இருக்கு, நேரம் இருக்கு, ரெஜிஸ்டரைக் கொண்டான்னு கேக்கலாம். நோட்டு முழுசா வேணும். ஒரு பக்கம் கிழிச்சிருந்தாலும் எதிர்த்தரப்பு விட மாட்டான். அவனும் படிப்பான், கேஸ விசாரிக்கிற ஆபீசரும் படிப்பார். உங்க அம்மாவும் படிக்கணும், அவங்கதானே மனுதாரர்."

திங்கட்கிழமைவரை யோசித்துச் சொல்கிறேன் என்று நோட்டை வாங்கி வந்தேன்.

நவம்பர் 5

காலையிலிருந்து இந்த நோட்டைப் படித்தேன். ஜூலை 22. மிஸ் படித்தார். கம்பெனி பெயர், நவம்பர் 17, அம்மா பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 12 அன்று ஷர்மிதாவின் கோப்பையும் படித்தார். ஆகஸ்ட் 19 அன்று என்னிடம் கேட்டது நான் எப்படி இருக்கிறேன் என்று அல்ல. ஆகஸ்ட் 26 அன்று மேனேஜர் மூன்றாவது கோப்புக்கு நேராகப் போனார்.

எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கே எழுதியிருக்கிறேன். நான்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27ஐயும் படித்தேன். அந்தப் பக்கம் இல்லாமல் நோட்டைக் கொடுக்க முடியாது.

மதியம் சோற்றை வடித்து வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, ஒண்ணு படிச்சுக் காட்டுதேன், கேளு." ஆகஸ்ட் 5இல் தொடங்கினேன். மாடிப்படிக்குக் கீழே, ஷர்மிதாவிடம், மாதா படம் வரைக்கும். பிறகு 26, 27.

அம்மா சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்தாள். அதை அவள் திரும்ப மாட்டவே இல்லை. பிறகு கேட்டாள்:

"பால் பொங்குனத கூடவா எழுதி வச்சிருக்க?"

சாப்பிடவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் சாப்பிடவில்லை.

நவம்பர் 6

விடியும் முன்பே அம்மா குளித்திருந்தாள். இஸ்திரி போட்ட சேலை. "எந்திரிட்டி. வக்கீலம்மா எத்தன மணிக்கு வருவாவ?"

என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் என் தலையைப் பின்னிவிட்டாள். இழுத்துத்தான் பின்னினாள்.

மனுவில் அம்மா கையெழுத்துப் போட்டாள். நானே டைப் செய்தேன். வெள்ளிக்கிழமைவரை நோட்டு என்னிடம் இருக்கலாம் என்று மேடம் சொன்னார்.

நவம்பர் 9

ஷர்மிதா கடைக்கு வந்தாள். சென்னைப் பயிற்சியில் கொடுத்த பையை மாட்டியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கலா அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள்.

"கேஸ் போட்டுட்டீயளாமே. நோட்டக் குடுக்கப் போறியாமே. மிஸ் அரண்டு போய் இருக்காவ."

நான் மிஷினில் தாள் வைத்துக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பது பக்கம்.

"நான் வேணும்னு செய்யலட்டி. எனக்கு மார்க் வேணும். பேரெல்லாம் மாத்துனேன். ஊரை மாத்துனேன், இறால நண்டாக்குனேன்…"

"மாதா படத்த மாத்தலையே."

மிஷின் ஓடியது.

"அன்னைக்கு நான் ஒங்கிட்ட சொன்னது," என்றாள், "எங்க வீட்டு விஷயம்… அதையும் எழுதியிருக்கியாட்டி? அது வெளிய வந்தா நாங்க இந்த ஊர்லயே இருக்க முடியாது. நான் ஒனக்குச் செஞ்சதுக்கு நீ எழுதியிருந்தாலும் யாரும் ஒன்னக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

நோட்டை எடுத்து, ஆகஸ்ட் 5ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அரைப் பக்கம் காலி. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு கோடு.

அவள் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்தாள்.

"நீ என் கட்சிக்காரி," என்றேன்.

அழுதாள். நான் தாளை அடுக்கினேன். நாற்பத்தாறாம் பக்கம் சிக்கிக்கொண்டது. மிஷினின் கதவைத் திறந்து இழுத்தேன்.

"இனிமே எங்கூடப் பேசுவியாட்டி?"

"மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 10

இன்று நோட்டை ஒப்படைக்கிறேன். கடையில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். மேடம் எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா வாசலில், மூச்சு வாங்கிக்கொள்ள நிற்கிறாள்.

மேடம் காலையில் பக்கங்களைப் புரட்டும்போது ஆகஸ்ட் 5இல் நின்றார். "இதக் கேப்பானே. இங்க என்ன எழுத வந்த, ஏன் எழுதலன்னு?"

"கேக்கட்டும் மேடம்."

"என்ன சொல்லுவ?"

"கட்சிக்காரர் சொன்னது, சொல்ல முடியாதுன்னு சொல்லுவேன்."

"நீ வக்கீல் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல விளையாட்டுக்குச் செஞ்சது. சட்டம் ஒன்னக் காப்பாத்தாது."

"தெரியும் மேடம்."

மேடம் தட்டுவதை நிறுத்தினார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

இந்தப் பக்கத்தில் கீழே இன்னும் ஏழெட்டு வரிக்கு இடம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை. கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.